காற்று வருகிறது, குளிர் இல்லை

ஏப்ரல் 2, செவ்வாய்

மீரான் பாய் எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

நேற்று மேலப்பாளையம் ரோட்டில் இருக்கும் அவர் ஷெட்டுக்குப் போய் ஏசி வேலை செய்யவில்லை என்றேன். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"வேலை செய்யலன்னா எப்படி டீச்சர்? காத்தே வரலையா, காத்து வருது குளிர் இல்லையா? ஓடும்போது விடுதா, நிக்கும்போதா? எத்தன நிமிஷம் கழிச்சு? ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. டாக்டர்ட்ட சொல்லுத மாதிரி."

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். முதலில் கவனி, பிறகு எழுது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதை எனக்கு ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏசிக் காற்று வரும் வெண்ட்டில் வைத்துப் பார்க்க ஆய்வகத்திலிருந்து ஒரு தெர்மாமீட்டர் கொண்டுவந்தேன்.

இன்று கவனித்தது: கே.டி.சி. நகர் வீட்டிலிருந்து வண்ணார்பேட்டை வரை 12 டிகிரி. சிக்னலில் நின்றதும் 19. ஈரடுக்குப் பாலத்துக்குக் கீழே நெரிசலில் 27. டவுனில் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பிரஸ் வாசலில் 30.

இவர் இறங்கும்போது வாசல்படி மூன்றில் ஒன்றுதான் தெரிகிறது என்றார். உள்ளே ஏசி அறையில் உட்கார்ந்து கண் தெளிய இருபத்தைந்து நிமிடம்.

ஏப்ரல் 4, வியாழன்

நோட்டைப் பார்த்ததும் மீரான் பாய் சிரித்தார். "இதுல எல்லாம் இருக்கு. ஓடும்போது எதிர்க்காத்து அடிச்சு ஆறிருது. நின்னா ஆற மாட்டக்கி. முன்னால ஃபேன் சுத்தல, அவ்வளவுதான்."

ஃபேன் மோட்டார் கருகியிருந்தது. புதிது மாட்டினார்.

ஏப்ரல் 5, வெள்ளி

சிக்னலில் 9 டிகிரி. பிரஸ் வாசலில் 9 டிகிரி! இவர் கம்பில்லாமல் படியேறினார். முதலாளி கோமதிநாயகம் பிள்ளை எழுந்து நின்று, "என்ன தனசிங், மாப்பிள்ளை மாதிரி வாரீரு" என்றாராம். இவரே சொல்லிச் சிரித்தார்.

நோட்டு இனி வேண்டியதில்லை. இருந்தாலும் யாராவது புரட்டினால் புரிய வேண்டும் என்பதற்காக ஒன்றை எழுதி வைக்கிறேன். இவருக்கு நரம்புகளைச் சுற்றியுள்ள உறை அங்கங்கே கரைகிற நோய். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். எட்டு வருடமாகிறது. உடம்பில் சூடு அரை டிகிரி ஏறினாலே நரம்பில் சேதி ஓடாது. முதலில் கண் மங்கும், பிறகு வலது கால் இழுக்கும். உடம்பு குளிர்ந்தால் எல்லாம் திரும்பிவிடும். வீட்டுப் படுக்கையறையில் ஏசி, பிரஸ்ஸில் இவர் மெய்ப்புத் திருத்தும் அறையில் ஏசி. நடுவில் இருக்கிற ஒன்பது கிலோமீட்டருக்குத்தான் இந்தக் கார். நோய்க்குப் பெயர் தெரிந்த வருடம் பழைய வண்டியாகப் பார்த்து வாங்கினோம். நாற்பத்து மூன்று வயதில் நான் ஓட்டப் படித்தேன்.

ஏப்ரல் 8, திங்கள்

மதுரையில் நரம்பு டாக்டர். போகும்போது ஏசி நன்றாக இருந்தது. இவரை நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். பழைய ஸ்கேனையும் புதிய ஸ்கேனையும் விளக்குப் பலகையில் அருகருகே மாட்டி நாற்பது நிமிடம் பேசினார். வெயிலைத் தவிர்க்கச் சொன்னார்.

வரும்போது விருதுநகர் தாண்டியதும் காற்றில் குளிர் குறைந்தது. 14, 17, 21.

கோவில்பட்டி தாண்டியதும் இவர் என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"ஹெப்சி, டாக்டர் சொன்னது கேட்டுச்சுல்லா?"

"கேட்டேனே. வெயில்ல போகக்கூடாதுன்னாரு."

கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏப்ரல் 11, வியாழன்

கேஸ் குறைந்திருக்கிறது. எங்கே கசிகிறது என்று பார்க்கக் குழாய் இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரை தடவினார் மீரான் பாய். ஒரு இடத்தில் சின்னச் சின்னக் குமிழியாக வந்துகொண்டே இருந்தது. ரப்பர் வளையம் நைந்துவிட்டதாம். நாலணாக் காசு அளவு இருக்கும். இவ்வளவுக்கும் காரணம் அதுதான்.

மாற்றி, கேஸ் ஏற்றி, 8 டிகிரி.

ஏப்ரல் 12, வெள்ளி

8 டிகிரி. கண் தெளிய நாற்பது நிமிடம்.

வீட்டிலிருந்து காருக்கு வரும் இருபதடி வெயிலில் சூடேறிவிடுகிறது போல. நாளையிலிருந்து குடையும் ஈரத்துண்டும்.

ஏப்ரல் 15, திங்கள்

கோமதிநாயகம் பிள்ளை போன் செய்தார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயர் 'சிவகாமி' என்பது 'சிவகமி' என்று அச்சாகிவிட்டது. ஐந்நூறும் கொடுத்தான பிறகுதான் பெண்ணின் தாய்மாமன் பார்த்திருக்கிறார். பிரஸ்ஸுக்கே வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள்.

"தனசிங் கண்ணுல ஒரு துணைக்கால் தப்பிப் பாத்ததில்லம்மா, இருபத்தாறு வருஷத்துல. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. நான் கோவத்துல சொல்லல."

இவர் அதைத் திருத்திய அன்று காலை ஏசி 11 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். "அப்படியா" என்றார்.

ஏப்ரல் 18, வியாழன்

இரண்டு நாள் வாடகைக் காரில் அனுப்பிப் பார்த்தேன். முதல் நாள் டிரைவர் ஏசியை அணைத்துவிட்டு வெயிலில் நின்றிருந்தார். இரண்டாம் நாள் வந்தவருக்கு இவரை எப்படித் தூக்கி இறக்குவது என்று தெரியவில்லை. கக்கத்தில் கைகொடுத்து இழுத்ததில் சட்டை கிழிந்துவிட்டது. "பரவால்ல தம்பி, பழைய சட்டைதான்" என்றாராம் இவர். நேற்று உடுத்தியிருந்தது கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டை.

நம் கார்தான் சரி.

ஏப்ரல் 22, திங்கள்

புதுக் கோளாறு. பத்து நிமிடம் நன்றாகக் குளிர்கிறது, திடீரென்று சூடு. கால்மணி நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடியும் குளிர்கிறது. எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டு போனேன்.

கம்ப்ரஸர் முகப்பில் ஒரு தட்டு உண்டு. ஏசியைப் போட்டதும் காந்தம் அதை இழுத்துப் பிடிக்கும். பிடித்தால்தான் கம்ப்ரஸர் சுற்றும். தட்டு தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது. "சூடேறுனா காந்தத்துக்கு வலு பத்தல டீச்சர். விட்டுருது. ஆறுனா திரும்பப் பிடிச்சிக்கிடுது" என்றார் மீரான் பாய்.

பின் இருக்கையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்த இவர், "பாய், இதுவும் நம்மள மாதிரிதான்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

தட்டு மாற்றினார். 8 டிகிரி. ஒரு மணி நேரம் ஓட்டியும் 8 டிகிரி.

ஏப்ரல் 23, செவ்வாய்

8 டிகிரி. கண் தெளிய ஒன்றே கால் மணி நேரம். பிரஸ் ஏசி பழசு. கோமதிநாயகம் பிள்ளையிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 27, சனி

பள்ளி விடுமுறை விட்டாயிற்று. ஆசிரியர் அறையில் எல்லோரும் எங்கே போகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கொடைக்கானல், பெங்களூரு. ரெஜினா டீச்சர் என்னைக் கேட்டாள். "கார் ஏசி ரிப்பேர்ல இருக்கு. அது முடிஞ்சாத்தான் எதுவுமே" என்றேன். ஒரு மாதமாக நான் வேறு எதுவும் பேசியதாக அவளுக்கு நினைவில்லையாம்.

மே 3, வெள்ளி

மறுபடியும் கேஸ் இல்லை.

மே 4, சனி

கத்திரி தொடக்கம். பத்து மணிக்கே தார் ரோடு மினுங்குகிறது. மீரான் பாய் சோப்பு நுரை வைத்துப் பார்த்துவிட்டார். வெளியே எங்குமே குமிழி இல்லை. "எங்கயோ உள்ள போகுது. நல்லா ஒளிஞ்சிக்கிட்டிருக்கு" என்கிறார். இப்போதைக்குக் கேஸ் மட்டும் ஏற்றிக்கொண்டேன்.

மே 9, வியாழன்

பிரஸ்ஸில் இவர் கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்துவிட்டார். அடி இல்லை. இரண்டு கம்பாசிட்டர்கள் தூக்கியிருக்கிறார்கள். நான் போய்ச் சேரும்போது நாற்காலியில் உட்கார்ந்து, கையில் சிவப்புப் பேனாவோடு, அச்சுத்தாளை முகத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் வைத்துப் பிடித்திருந்தார். தாள் முழுக்க ஒரு திருத்தமும் இல்லை.

"தப்பே இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கும்" என்றார்.

காரில் ஏற்றி வெண்ட்டில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். 22. இதுதான். இந்த 22தான்.

மே 10, வெள்ளி

கோமதிநாயகம் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன், ஏசி முழுசாகச் சரியாகிற வரை இவருக்கு லீவு. "எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்கிடச் சொல்லுங்கம்மா" என்றார். ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

மே 14, செவ்வாய்

காலை ஆறு மணி. இன்னும் வெயிலே வரவில்லை. பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. இரவு லோ வோல்டேஜ், அறை சரியாகக் குளிரவில்லை.

மே 17, வெள்ளி

கோடை மழை. விடியற்காலையிலிருந்து விடாமல் பெய்தது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். மண் குளிர்ந்த காற்று. வீட்டுக்குள் 24 டிகிரி. நான் சால்வை போர்த்திக்கொண்டேன்.

இவருக்குக் கட்டன்காப்பி கொடுத்தேன். கப் கையை விட்டு நழுவி மடியில் கொட்டியது. சூட்டில் சுருக்கென்று இழுத்திருக்க வேண்டிய காலை இவர் இழுக்கவே இல்லை. நான்தான் ஓடிப்போய்த் துடைத்தேன். தொடை சிவந்துவிட்டது.

கப் ஈரமாக இருந்தது.

மே 20, திங்கள்

கண்டுபிடித்துவிட்டார்! சனிக்கிழமை குழாய்களில் நைட்ரஜனை அடைத்து இரவு முழுக்க விட்டிருக்கிறார், காலையில் அழுத்தம் இறங்கியிருக்கிறது. டாஷ்போர்டுக்குள்ளே இருக்கிற கூலிங் காயிலில் கசிவு. காற்று அதன் வழியாகப் போய்த்தான் குளிர்ந்து வெளியே வருகிறது. ஊசித்துளைதான், ஆனால் டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும்.

"பழைய மாடல். சாமான் இங்க கிடையாது. கோயம்புத்தூர்ல சொல்லிருக்கேன், ரெண்டு மூணு நாள்ல வந்திரும். அது மாட்டிட்டம்னா வண்டி புதுசு மாதிரி டீச்சர். அதுக்கு மேல கோளாறு வாரதுக்கு ஒண்ணும் இல்ல."

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். "அதுக்கு மேல கோளாறு வாரதுக்கு ஒண்ணும் இல்லையாம்."

"நல்லது" என்றார்.

மே 23, வியாழன்

சாமான் வரவில்லை.

மே 25, சனி

வரவில்லை. பரவாயில்லை. இந்த நாட்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. மதியம் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் ஏசியில் கிடக்கிறோம். நான் பேப்பரைச் சத்தமாக வாசிக்கிறேன். இவர் கண்ணை மூடிக் கேட்கிறார். ஜூனில் சாமான் மாட்டிய பிறகு எங்கெல்லாம் போகலாம் என்று பேசினோம். நான் பேசினேன். தூத்துக்குடியில் என் தங்கை வீடு, மணப்பாடு கடற்கரை. இவர் ஒவ்வொன்றுக்கும் "போவோம்" என்றார்.

கண் இன்றைக்குத் தெளியவே இல்லை. வீட்டு ஏசியை 18-ல் வைத்து இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு படுத்தேன். இதையும் ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மே 28, செவ்வாய்

வரவில்லை. கத்திரி இன்றோடு முடிகிறது.

வீட்டு ஏசியைப் பார்க்க ஆள் வந்தான். பில்டரைக் கழுவினான். "நல்லாத்தானக்கா இருக்கு, ஐஸ் மாதிரி வருது" என்றான்.

மே 30, வியாழன்

இவர் கழுத்துக்குக் கீழே தலையணை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு எஸ்தரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஷெட்டுக்கு நேரிலேயே போனேன். மூன்று நாளாக மீரான் பாய் போனை எடுக்கவில்லை. எனக்குக் கோபம்.

அவர் மதியத்து லுகர் தொழுகைக்குப் போயிருந்தார். உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதிரே அலமாரியில் ஒரு அட்டைப் பெட்டி. மேலே மார்க்கரில் 'டீச்சர் வண்டி' என்று எழுதியிருந்தது. கூரியர் ஒட்டியிருந்த தாளில் தேதி பார்த்தேன். மே 21.

அவர் வந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒம்பது நாளா பாய்?" என்றேன். "ஒம்பது நாளா இங்கயே வச்சிக்கிட்டு வரல வரலன்னு சொன்னீங்களா? நீங்களுமா?"

"டீச்சர், உக்காருங்க."

"உக்காந்துதான் இருக்கேன்."

அவர் தொப்பியை மடித்துப் பையில் வைத்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"சார் பக்கத்து வீட்டம்மாவ விட்டு போன் போட்டுப் பேசுனாவ. சாமான் வந்திட்டான்னு கேட்டாவ. வந்திட்டு சார், நாளைக்கு மாட்டிருவேன்னேன். 'மாட்டாதீங்க பாய், டீச்சர் கேட்டா இன்னும் வரலன்னு சொல்லுங்க'ன்னாவ. எனக்குப் புரியல. என்ன சார்ன்னேன். 'ஏசி ரிப்பேரா இருக்கப் போய்தான் நான் சரியாயிருவேன்னு அவ நெனச்சிக்கிட்டிருக்கா. அது சரியாயிட்டுன்னா அப்புறம் அவளுக்குச் சொல்லிக்கிட ஒண்ணும் இருக்காது. ஸ்கூல் தொறக்குத வரைக்கும் இப்படியே கெடக்கட்டும், லீவு ஒரு மாசமாவது நிம்மதியா இருந்துக்கிடட்டும்'ன்னாவ."

கூரியர் தாளில் இருந்த தேதியை மறுபடியும் பார்த்தேன்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒரு சாமான்ல பொய் சொன்னதில்ல டீச்சர். உங்க நம்பர் வரும்போதெல்லாம் என்ன சொல்லுததுன்னே தெரியல. அதான் எடுக்கல."

பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கனமே இல்லை.

"மாட்டிருங்க பாய்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இவரிடம் எதுவும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டை ஊட்டிவிட்டேன். ஊட்டிவிடத் தொடங்கிப் பதினெட்டு நாளாகிறது. அதை இந்த நோட்டில் எங்கும் எழுதவில்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஜூன் 1, சனி

ஏப்ரல் எட்டாம் தேதி டாக்டர் சொன்னதை எழுதுகிறேன். அறைக்குள் நானும் இருந்தேன். எல்லாம் கேட்டது. தமிழில்தான் சொன்னார்.

இத்தனை வருடமும் நோய் வந்து வந்து போனது. இப்போது அது மாறிவிட்டது. இனிமேல் வந்து போகாது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டுதான் இருக்கும். இதுவரை போட்ட ஊசி இதற்குக் கேட்காது. "வெயிலால இது வரலம்மா. உள்ள எவ்வளவு போயிருக்குன்னு வெயில் காட்டிக் கொடுக்குது, அவ்வளவுதான். இனிமே குளிர வச்சாலும் முழுசா திரும்பாது. நீங்க ரெண்டு பேரும் அதுக்குத் தயாரா இருக்கணும்." ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகளைப் பேனாவால் காட்டினார். நான் எண்ணினேன். பதினேழு வரை எண்ணினேன், பிறகு அவர் படத்தைக் கழற்றிவிட்டார்.

அவர் தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். இவர். என் வீட்டுக்காரர். நான் வரும் வழியில் வெண்ட்டில் தெர்மாமீட்டரை வைத்து எழுதினேன், 14, 17, 21 என்று.

வெயிலைத் தவிர்க்கச் சொன்னார் என்று எழுதியது பொய் இல்லை. அதையும் சொன்னார். கடைசியாக, கதவைத் திறக்கும்போது.

ஜூன் 3, திங்கள்

வண்டி வந்துவிட்டது. 6 டிகிரி. மீரான் பாய் கூலி வாங்க மாட்டேன் என்றார். ஷெட் ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தேன்.

இவரிடம், "சாமான் வந்து மாட்டியாச்சு" என்றேன்.

"வந்துட்டா?" என்றார். என் முகத்தை ஒரு பக்கத்தில் தேடினார். நான் வேறு பக்கம் நின்றேன்.

ஜூன் 5, புதன்

எழுதிவிட்டுப் படுக்கிறேன், இல்லாவிட்டால் இதையும் எழுதாமல் விட்டுவிடுவேன்.

காலை பதினொரு மணிக்கு, வேண்டுமென்றே அந்த நேரத்தில், இவரைக் காரில் ஏற்றினேன். எஸ்தர் ஒரு கை பிடித்தாள். ஏறுவதற்கு முன்பே ஏசியை ஓடவிட்டு உள்ளே ஜில்லென்று ஆக்கியிருந்தேன். கெங்கைகொண்டான் வழியாக மதுரை ரோட்டில் போனேன். வெளியே 39. உள்ளே 6. ஒரு துளி வியர்வை கிடையாது இவருக்கு. முப்பது நிமிடம் ஆனது. நாற்பது நிமிடம் ஆனது.

ஒரு வாரமாக நான் எல்லாம் தெரிந்தவள். டாக்டர் சொன்னதை என் கையாலேயே எழுதியவள். ஆனாலும் காத்திருந்தேன். கழுத்தில் கைவைத்துப் பார்த்தேன், கல் மாதிரி குளிர்ந்திருந்தது. இனி திரும்ப வேண்டும், திரும்பிவிடும் என்று ஒவ்வொரு கிலோமீட்டராகக் காத்திருந்தேன்.

"அன்னா ஒரு போர்டு வருது. வாசிங்களேன்" என்றேன்.

"கயத்தாறு" என்றார் உடனே.

சரிதான். கயத்தாறுதான். அடுத்த பெரிய பச்சைப் பலகைக்கும் கேட்டேன். "கோவில்பட்டி. அதுக்குக் கீழ மதுரை" என்றார். அதுவும் சரி.

அப்புறம்தான் தோன்றியது. இந்த ரோட்டில் இவர் முப்பது வருடமாகப் போய்வருகிறார்.

கொஞ்ச தூரத்தில் புதிதாகக் கட்டிய ஒரு ஓட்டல். வாசலில் ஆள் உயரத்துக்கு எழுத்து. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "இது என்ன எழுதிருக்கு?"

இவர் திரும்பினார். அந்தப் பக்கம் ஓட்டல் இல்லை, வெறும் கரிசல் காடுதான். பிறகு ஓட்டலிலிருந்து சத்தம் வந்த திசையை வைத்து மெதுவாகத் தலையை இந்தப் பக்கம் கொண்டுவந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உதட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார்.

"தெரியல ஹெப்சி" என்றார்.



"எவ்வளவு பெருசு தெரியுமா எழுத்து?" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேனோ. திட்டுகிற மாதிரி வந்தது.

"பெருசாத்தான் இருக்கும். ஓட்டல்காரன்லா." பிறகு, "எனக்குக் குளிருது. கொஞ்சம் கொறைக்கியா?"

குமிழைத் திருப்பினேன். இரண்டு மாதமாக எந்தக் குளிருக்கு அலைந்தேனோ அதை என் கையாலேயே குறைத்தேன்.

"பாய் சொல்லிட்டாரு" என்றேன்.

"எப்பம்?"

"போன வியாழக்கிழமை."

"அவர ஏசாத. நாந்தான் கட்டாயப்படுத்துனேன்."

"எனக்கு மட்டும் எதுக்கு இந்த நாடகம்? ஏப்ரல்லயே தெரியும் உங்களுக்கு."

"உனக்கும்லா தெரியும்."

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். லாரிகள் போகும்போதெல்லாம் வண்டி ஆடியது. இவர் கையால் தேடி என் முதுகைக் கண்டுபிடித்தார். தட்டிக்கொடுக்க முயன்று, கை நழுவி கியரின் மேல் விழுந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"நான் பயந்துட்டேன் ஹெப்சி. நீ அந்தத் தெர்மாமீட்டரத் தூக்கிட்டுத் திரிஞ்சியா, அதப் பாக்கப் பாக்க, இத வச்சாவது இவ நிக்கட்டும்னு இருந்துச்சு. நீயும் விழுந்துட்டா என்ன யாரு தூக்குவா?"

கியரின் மேல் கிடந்த கையை எடுத்து இவர் மடியில் வைத்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பப் போனேன். "இன்னும் கொஞ்ச தூரம் போவோமா?" என்றார். போனேன். சும்மா போகாமல் போர்டுகளை நான் வாசித்துக்கொண்டே போனேன். "இங்கு பஞ்சர் ஒட்டப்படும்." "ஒட்ட, படும் ரெண்டையும் சேத்து எழுதிருக்கானா?" "சேத்துத்தான்." "பரவால்லயே." "கருப்பட்டி காபி." "கருப்பட்டிக்கும் காபிக்கும் நடுவுல ஒற்று?" "இல்ல." "போடணும்" என்றார். கோவில்பட்டி வரை இப்படியே போய்த் திரும்பினோம். கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் நான் வாசித்ததற்குப் பதில் வரவில்லை. தூங்கியிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணி எச்சில் வழிந்திருந்தது. வீட்டு வாசலில் எழுப்பினேன். இடது காலும் கேட்கவில்லை. எஸ்தரும் அவள் வீட்டுக்காரரும் நானுமாகத் தூக்கினோம்.

ஜூன் 8, சனி

விலகல் கடிதத்தைப் பிரஸ்ஸில் கொடுத்தேன். நான் எழுதி, இவர் பெருவிரலை வைத்தார். கையெழுத்துப் போடுகிறேன் என்று இரண்டு தாளை வீணாக்கிய பிறகு.

கோமதிநாயகம் பிள்ளை கடிதத்தைப் பிரித்துப் பெருவிரல் ரேகையைப் பார்த்தார். "மைய எதுக்கும்மா தொட்டாரு, அவரு" என்று கண்ணாடியைக் கழற்றினார். இவர் மேசையில் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். உட்காரச் சொன்னேன்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. இவரைப் பார்த்துக்கொள்ள பொன்னுத்தாய் என்று ஒரு அம்மா, எட்டு மணி முதல் நான்கு வரை. புரட்டிப் படுக்க வைக்க அவளுக்குக் காண்பித்துவிட்டுக் கிளம்பினேன். "போய்ட்டு வா" என்றார். கதவை நோக்கிச் சொன்னார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

இவரைப் பிரஸ்ஸில் இறக்காமல் வீட்டிலிருந்து நேரே பள்ளிக்குத் தனியாகக் காரில் போனது இந்த வருடத்தில் இதுதான் முதல் தடவை.

ஆசிரியர் அறையில் ஒரே சத்தம். ரெஜினா டீச்சர் கொடைக்கானல் சாக்லேட் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"என்ன டீச்சர், ஒரு வழியா ஏசி சரியாயிட்டா?"

"சரியாயிட்டு" என்றேன். "நல்லாக் குளிருது."

"அப்பாடா" என்றாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். மணி அடித்தது. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போனேன்.